கணிப்பில் ஆதரவு, வாக்குப்பெட்டியில் மறுப்பு: பொதுமக்கள் கருத்தை எப்படிப் புரிந்துகொள்வது?

ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் 77 நாடுகளில் 70,000க்கும் மேற்பட்டோரிடம் கருத்துக் கேட்டு 2024இல் வெளியிட்ட முடிவின்படி, காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ளத் தங்கள் அரசு இன்னும் உறுதியாகச் செயல்பட வேண்டும் என்று ஐவரில் நால்வர் விரும்புகின்றனர். ஆனால் அந்த விருப்பம் ஒரு வரியாகவோ சட்டமாகவோ உருப்பெற்று வாக்காளர் முன் வந்து நிற்கும்போது முடிவு பல இடங்களில் தலைகீழாகிறது. 2021 ஜூன் மாதம் சுவிட்சர்லாந்தில் நடந்த பொது வாக்கெடுப்பில், கார்பன் உமிழ்வைக் குறைப்பதற்கான சட்டத்தை 51.6 விழுக்காட்டினர் நிராகரித்தனர். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில வாக்காளர்கள் கார்பன் மீது கட்டணம் விதிக்கும் முன்மொழிவுகளை 2016இலும் 2018இலும் தோற்கடித்தனர். பிரான்சில் எரிபொருள் வரி உயர்வு மக்களைத் தெருவுக்கே கொண்டுவந்தது.

இவற்றை அடுத்தடுத்துப் படிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு முடிவுகளில் ஒன்றைப் பற்றிக்கொள்கின்றனர். கருத்துக்கணிப்புகள் பொய் என்பது ஒன்று. மக்கள் வாயால் ஒன்று சொல்லிக் கையால் வேறொன்று செய்பவர்கள் என்பது மற்றொன்று. இரண்டுமே அவசர முடிவுகள். கணிப்பில் கேட்கப்பட்ட கேள்வியும் வாக்குச்சீட்டில் கேட்கப்பட்ட கேள்வியும் ஒன்றல்ல என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் விளக்கம். ஒரே விவகாரத்தைப் பற்றிய கருத்துக்குள் பல தனித்தனிக் கேள்விகள் அடங்கியிருக்கின்றன. ஒன்றில் உடன்படுபவர்கள் இன்னொன்றில் முற்றாக மாறுபடலாம். அதில் முரண்பாடு ஏதுமில்லை.

## ஒரு கருத்துக்குள் ஐந்து கேள்விகள்

காலநிலையையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். "காலநிலை நடவடிக்கையை ஆதரிக்கிறீர்களா?" என்று ஒருவரிடம் கேட்கும்போது, உண்மையில் அவர் கீழ்க்காணும் ஐந்துக்கும் சேர்த்து ஒரே விடை தர வேண்டியிருக்கிறது.

1. நடப்பது என்ன? இது அளந்து அறியக்கூடிய கேள்வி. ஹவாய்த் தீவின் மௌனா லோவா ஆய்வகத்தில் 1958இல் அளவீடு தொடங்கியபோது காற்றில் கார்பன் டை ஆக்சைடின் செறிவு பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு. இன்று அது 420ஐத் தாண்டிவிட்டது. 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டின் சராசரிப் புவி வெப்பநிலை, 1850–1900 காலத்தைவிட ஏறக்குறைய 1.1 டிகிரி செல்சியஸ் கூடுதல். இதற்கு மனிதச் செயல்பாடே காரணம் என்பதில் ஐயமில்லை என்று, ஐபிசிசி எனப்படும் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு 2021 அறிக்கையில் கூறியது. இங்கே கருத்து வேறுபாட்டுக்கு இடம் மிகக் குறைவு. இருப்பது அறிந்தவர், அறியாதவர் என்ற வேறுபாடுதான்.

2. இனி என்ன நடக்கும்? இங்கு விடை ஓர் எண்ணாக அல்லாமல் ஒரு வீச்சாகவே கிடைக்கிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பானால் நீண்ட காலத்தில் வெப்பநிலை எவ்வளவு உயரும் என்பதற்கு, அதே அறிக்கை 2.5 முதல் 4 டிகிரி வரை என்ற வீச்சையும், அதற்குள் 3 டிகிரி என்ற சிறந்த மதிப்பீட்டையும் தருகிறது. கீழ்முனையை நினைப்பவர் நிதானமாகவும் மேல்முனையை நினைப்பவர் பதற்றமாகவும் பேசுவார். இருவரும் கையில் வைத்திருப்பது ஒரே அறிக்கைதான்.

3. எதற்கு எவ்வளவு மதிப்பு? பலரும் கவனிக்கத் தவறும் கேள்வி இது. நூறு ஆண்டுகளுக்குப் பின் நேரக்கூடிய 100 அலகு சேதத்தைத் தவிர்க்க இன்று எவ்வளவு செலவிடலாம்? எதிர்கால மதிப்பை இன்றைய மதிப்புக்கு மாற்றப் பொருளியலாளர்கள் கழிவு விகிதம் என்ற ஒன்றைப் பயன்படுத்துகின்றனர். பிரித்தானிய அரசுக்காக 2006இல் பொருளியலாளர் நிக்கோலஸ் ஸ்டெர்ன் தயாரித்த ஆய்வு ஆண்டுக்கு ஏறத்தாழ 1.4 விழுக்காடு என்று கொண்டது. அந்த விகிதத்தில் நூறாண்டுக்குப் பிந்தைய 100 அலகின் இன்றைய மதிப்பு சுமார் 25 அலகு. விகிதம் 4.5 விழுக்காடு என்றால் அது ஓர் அலகைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். இருபது மடங்கு வேறுபாடு! பின்னாளில் பொருளியல் நோபல் பரிசு பெற்ற வில்லியம் நார்ட்ஹவுஸ் உள்ளிட்டோர் ஸ்டெர்னின் விகிதம் மிகக் குறைவு என்று வாதிட்டனர். இவ்விருவருமே வெப்பமடைதலை மறுப்பவர்கள் அல்லர். இனிப் பிறக்கப்போகிறவரின் நலனை இன்று வாழ்பவரின் நலனுக்கு எதிரே எந்த எடையில் வைப்பது என்ற அறக்கேள்வியும், சந்தையில் முதலீட்டுக்குக் கிடைக்கும் ஈட்டத்தை இக்கணக்கில் எந்த அளவுக்குப் பின்பற்றுவது என்ற கேள்வியும்தான் இவர்களைப் பிரித்தன. பொருளியலாளர்களே இப்படிப் பிரியும் இடத்தில், கழிவு விகிதம் என்று கேள்விப்பட்டிராத குடிமக்கள் பிரிவதில் வியப்பென்ன?

4. சுமையை யார் ஏற்பது? தொழிற்புரட்சி முதல் இன்றுவரை வெளியேறிய கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய கால்பங்கு அமெரிக்காவுடையது. ஆண்டுதோறும் வெளியேறுவதை மட்டும் கணக்கிட்டால் இன்று முதலிடம் சீனாவுக்கு. மொத்தத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. தலைக்கணக்கில் பார்த்தால் இந்தியரின் சராசரி ஆண்டுக்கு 2 டன்னை ஒட்டியும், அமெரிக்கரின் சராசரி 14 டன்னை ஒட்டியும் நிற்கிறது. குற்றவாளி யார் என்பது, எந்தக் கணக்கைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. மூன்றுமே சரியான கணக்குகள். மூன்றும் மூன்று நீதிக் கொள்கைகள். 1992ஆம் ஆண்டு ஐ.நா. காலநிலை உடன்படிக்கை "பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்புகள்" என்ற தொடரை ஏற்றுக்கொண்டதே இச்சிக்கலை ஒப்புக்கொண்டதன் அடையாளம். அந்த வேறுபாடு எவ்வளவு என்பதுதான் அன்றிலிருந்து ஒவ்வொரு மாநாட்டிலும் பேசப்படுகிறது. நாடுகளுக்கிடையே உள்ள இந்த வழக்கு, ஒரு நாட்டுக்குள் நகரத்தாருக்கும் கிராமத்தாருக்கும், ஏழைக்கும் செல்வருக்கும் இடையிலும் அப்படியே நடக்கிறது.

5. யாரை நம்புவது? வரிப்பணம் சொன்ன காரியத்துக்கே செலவாகுமா, தன்மீது விதிக்கப்படும் கட்டுப்பாடு மற்றவர் மீதும் விதிக்கப்படுமா என்ற கேள்விகள் இவை. இவற்றுக்கு அறிவியல் விடை தராது. அரசுடன் தனக்கு இதுவரை இருந்த அனுபவத்திலிருந்தே ஒருவர் விடை காண்கிறார்.

ஐ.நா. கணிப்பின் 80 விழுக்காடு பெரும்பாலும் முதலிரண்டு கேள்விகளுக்கான விடை. சுவிஸ் வாக்காளர் 2021இல் எதிர்கொண்டவை நான்காவதும் ஐந்தாவதும். குடியேற்றம், விலைவாசி, போர் என எந்த நடப்பு விவகாரத்தையும் இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். ஒவ்வொன்றிலும் பிளவு விழும் இடம் வேறாக இருக்கும்.

## எண் எப்படிப் பிறக்கிறது

கருத்துக்கணிப்பு என்பது எல்லோரையும் கேட்காமல், எல்லோரையும் ஒத்த ஒரு சிறு கூட்டத்தைக் கேட்டு முழுமையை ஊகிக்கும் முறை. அச்சிறு கூட்டத்துக்கு மாதிரி என்று பெயர். மாதிரியின் அளவைவிட அது தேர்ந்தெடுக்கப்பட்ட விதமே முக்கியம் என்பதை 1936ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தல் காட்டியது. 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற வார இதழ் சுமார் ஒரு கோடிப் பேருக்கு அஞ்சலில் மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பி, திரும்பிவந்த 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விடைகளை வைத்துக் குடியரசுக் கட்சியின் லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. வென்றவர் ரூஸ்வெல்ட், லாண்டனுக்குக் கிடைத்தவை இரண்டே மாநிலங்கள். இதழ் பயன்படுத்திய முகவரிகளில் பெரும்பகுதி தொலைபேசி, மோட்டார் வாகனப் பட்டியல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அவ்விரண்டும் வசதி படைத்தோரின் உடைமைகள். போதாக்குறைக்கு, சீட்டைத் திருப்பி அனுப்பும் அளவுக்கு ஆர்வம் காட்டியவர்களில் ரூஸ்வெல்ட்டின் எதிர்ப்பாளர்கள் அதிகம். அதைவிடப் பன்மடங்கு சிறிய மாதிரியைக் கொண்டு கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் ரூஸ்வெல்ட்டின் வெற்றியைச் சரியாகக் கணித்தார்.

அன்று விடையளிக்காதவர்களால் வந்த சிக்கல் இன்று இன்னும் கடுமையாகியிருக்கிறது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் நடத்திய தொலைபேசிக் கணிப்புகளில் விடையளித்தோர் விகிதம் 1997இல் 36 விழுக்காடாக இருந்து 2018இல் 6 விழுக்காடாகச் சுருங்கியது. அந்நியர் ஒருவரின் அழைப்பை எடுத்து இருபது நிமிடம் அரசியல் பேச இசைபவர் சராசரிக் குடிமகன் அல்லர். நிறுவனங்கள் வயது, கல்வி, பால் முதலியவற்றுக்கு ஏற்ப விடைகளுக்குக் கூடுதலாகவோ குறைவாகவோ எடை கொடுத்து இக்குறையைச் சரிசெய்ய முயல்கின்றன என்றாலும், அந்த எடைகள் கணிப்பாளரின் தீர்மானங்களே.

மாதிரியில் கிடைத்த எண் உண்மை நிலையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கக்கூடும் என்பதைக் காட்டும் பிழை வரம்பைப் பற்றியும் ஒரு சொல். 1,000 பேர் கொண்ட, முறையாகத் தேர்ந்த மாதிரியில் அது ஏறக்குறைய 3 புள்ளிகள் கூடவோ குறையவோ இருக்கும். ஆகவே 48க்கு 46 என்பது முந்துதலே அல்ல. அந்த ஆயிரத்துக்குள் இளம்பெண்கள் 100 பேர் இருந்து, அவர்கள் மட்டும் என்ன நினைக்கிறார்கள் என்று தனியே சொன்னால் வரம்பு 10 புள்ளிகளாகிவிடும். செய்தித்தலைப்புகள் பெரும்பாலும் இந்த உட்பிரிவுகளிலிருந்துதான் பிறக்கின்றன.

மாதிரி சரியாக அமைந்தாலும் கேள்வி கேட்கும் முறை விடையை மாற்றிவிடும். 1948இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையில், சோவியத் நாடு போன்ற பொதுவுடைமை நாடுகளின் செய்தியாளர்கள் அமெரிக்காவுக்கு வந்து தாங்கள் காண்பதைத் தம் நாட்டுக்கு எழுதி அனுப்ப அனுமதிக்கலாமா என்று கேட்டனர். இக்கேள்வி முதலில் வந்தபோது 36 விழுக்காட்டினர் சரி என்றனர். அமெரிக்கச் செய்தியாளர்களை ரஷ்யா அனுமதிக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டு, அதன்பின் இதைக் கேட்டபோது 73 விழுக்காட்டினர் சரி என்றனர். பதிலளித்தவர்கள் பொய் சொல்லவில்லை. முதல் நிலையில் அவர்களுக்கு நினைவுக்கு வந்தது எதிரி நாடு. இரண்டாம் நிலையில் நினைவுக்கு வந்தது நியாயம்.

இன்னும் ஒரு படி கீழே, கருத்தே இல்லாத இடத்திலும் கருத்து பதிவாகிறது. 1970களின் இறுதியில் சின்சினாட்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இல்லாத ஒரு சட்டத்தைக் குறிப்பிட்டு அதை நீக்கலாமா என்று கேட்டபோது ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஒரு நிலைப்பாட்டைத் தெரிவித்தார். 'கருத்தில்லை' என்று சொல்லவும் வாய்ப்பு உண்டு என்பதை வெளிப்படையாகக் கூறியதும் அத்தொகை வெகுவாகக் குறைந்தது. அமெரிக்க அரசியல் அறிவியலாளர் பிலிப் கான்வர்ஸ் 1964இல் இதைக் கோட்பாடாகவே முன்வைத்திருந்தார்: ஒரே ஆட்களிடம் சில ஆண்டு இடைவெளியில் அதே கேள்விகளைக் கேட்டபோது பலரின் விடைகள் எந்த ஒழுங்குமின்றி அங்குமிங்கும் மாறியிருந்தன. பெரும்பாலோர் தம் வாழ்வைத் தொடாத கொள்கைக் கேள்விகளில் நிலையான கருத்து ஏதும் வைத்திருப்பதில்லை, கேட்கும் கணத்தில் ஒன்றை உருவாக்கித் தருகின்றனர் என்பது இதிலிருந்து பெறப்படும் முடிவு. இதை மக்களின் அறியாமைக்குச் சான்றாகக் காட்டி எள்ளுவோர் உண்டு. வேலை, குடும்பம், உடல்நலம் ஆகியவற்றுக்கு நடுவே ஒருவர் எத்தனை விவகாரங்களில் ஆழமான நிலைப்பாடு வைத்திருக்க முடியும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

## அறிவு கூடினால் ஒற்றுமை கூடுமா?

உண்மைகளை எடுத்துச் சொன்னால் பிளவு தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலானது. முதல் கேள்விக்கு அது ஓரளவு பொருந்தும். மற்ற நான்குக்கும் பொருந்துவதில்லை.

யேல் பல்கலைக்கழகத்தின் டான் கஹான் தலைமையிலான குழு 2012இல் 1,540 அமெரிக்கர்களை ஆராய்ந்தபோது, அறிவியல் அறிவும் எண்களைக் கையாளும் திறனும் கூடக்கூடக் காலநிலை அபாயம் குறித்த கருத்துகள் நெருங்கி வரவில்லை என்று கண்டது. ஒவ்வொரு பண்பாட்டு முகாமிலும் திறன் மிக்கவர்களே எதிரெதிர் முனைகளுக்கு மேலும் விலகியிருந்தனர். அதே ஆய்வாளர்கள் அடுத்து நடத்திய சோதனை இன்னும் கூர்மையானது. ஒரு தோல் களிம்பைப் பூசியவர்களில் 223 பேருக்குச் சொறி தணிந்தது, 75 பேருக்கு மோசமானது. பூசாதவர்களில் 107 பேருக்குத் தணிந்தது, 21 பேருக்கு மோசமானது. களிம்பு உதவியதா? 223 என்ற பெரிய எண் கண்ணை ஏமாற்றும். விகிதமாகக் கணக்கிட்டால் பூசியவர்களில் 75 விழுக்காடும் பூசாதவர்களில் 84 விழுக்காடும் தேறியிருக்கின்றனர். எனவே களிம்பு கெடுதல். எண்திறன் உள்ளவர்கள் இதை எளிதில் கண்டனர். அதே எண்களைத் துப்பாக்கிக் கட்டுப்பாடும் குற்ற விகிதமும் என்று மாற்றித் தந்ததும், விடை தம் கட்சி நிலைப்பாட்டுக்குச் சாதகமாக இருந்தவர்கள் சரியாகக் கணக்கிட்டனர். பாதகமாக இருந்தவர்கள் பலர் முதற்பார்வையிலேயே நின்றுவிட்டனர். திறன் அதிகமுள்ளோரிடம் இந்த இடைவெளி பெரிதாக இருந்தது.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. பின்னர் நடந்த ஒரு மறுசோதனையில் இவ்விளைவுக்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. தவறைத் திருத்தினால் மனிதர் அத்தவற்றை இன்னும் இறுகப் பற்றிக்கொள்வர் என்று 2010ஐ ஒட்டிப் பரபரப்பாகப் பேசப்பட்ட கண்டுபிடிப்பும், பெரிய அளவில் மீண்டும் சோதித்தபோது பெரும்பாலும் தென்படவில்லை. திருத்தத்தைக் கேட்டதும் பெரும்பாலோர் உண்மைத் தகவலை ஏற்றுக்கொள்கின்றனர். ஆனால் அத்தகவலின் மேல் எழுப்பிய அரசியல் சாய்வை மாற்றிக்கொள்வதில்லை. இது பகுத்தறிவின்மை ஆகாது. வேட்பாளர் சொன்ன ஒரு புள்ளிவிவரம் பொய் என்று அறிந்தும் அவருக்கே வாக்களிப்பவர், மேற்சொன்ன ஐந்தில் மூன்றாவது அல்லது ஐந்தாவது கேள்விக்கு விடையளித்துக்கொண்டிருக்கலாம்.

கட்சிச் சாய்வு நேரடி அனுபவத்தையும் நிறம் மாற்றுகிறது என்பதற்கு அமெரிக்காவில் அதிபர் பதவி ஜனநாயகக் கட்சியிடமிருந்து குடியரசுக் கட்சிக்குக் கைமாறிய 2016 தேர்தலுக்குப் பின் நேர்ந்தது தக்க சான்று. பொருளாதாரம் சில வாரங்களில் மாறிவிடவில்லை. ஆனால் அது நல்ல நிலையில் இருக்கிறதா என்ற கேள்விக்கு இரு கட்சி ஆதரவாளரின் விடைகளும் இடம் மாறிக்கொண்டன.

## சுவிட்சர்லாந்தின் இரண்டு வாக்கெடுப்புகள்

தொடக்கத்தில் கூறிய சுவிஸ் வாக்கெடுப்புக்கு வருவோம். 2021இல் தோற்ற சட்டம், எரிபொருள் விலையில் கூடுதல் கட்டணம், வீட்டுச் சூடேற்றும் எண்ணெய் மீது உயர்ந்த வரி, விமானப் பயணச்சீட்டு மீது 30 முதல் 120 பிராங்க் வரை கட்டணம் ஆகியவற்றை முன்வைத்தது. வசூலில் ஒரு பகுதி மக்களுக்கே திருப்பித் தரப்படும் என்ற ஏற்பாடும் அதில் இருந்தது. எனினும் செலுத்துவது கண்ணுக்குத் தெரிந்த அளவுக்குத் திரும்பி வருவது தெரியவில்லை. நகரங்கள் ஆதரித்தன, காரின்றி நடமாட முடியாத ஊரகப் பகுதிகள் எதிர்த்தன.

இரண்டே ஆண்டுகளில், 2023 ஜூன் மாதம், இன்னொரு காலநிலைச் சட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது. 2050க்குள் நிகர உமிழ்வைப் பூச்சியமாக்க வேண்டும் என்ற அதன் இலக்கு எவ்வகையிலும் மென்மையானதன்று. 59.1 விழுக்காட்டினர் அதை ஏற்றனர். இம்முறை புதிய வரி இல்லை. பழைய சூடேற்றும் கருவிகளை மாற்றப் பத்தாண்டுகளில் 200 கோடி பிராங்க்கும், தொழில் நிறுவனங்களின் புதிய தொழில்நுட்பங்களுக்கு 120 கோடி பிராங்க்கும் அரசே தருவதாகச் சட்டம் கூறியது. அந்தப் பணமும் மக்களின் வரிப்பணந்தான். ஆனால் அது பொது நிதியில் கரைந்து வருவதால் யாருடைய சட்டைப்பையையும் தனியே குறிவைப்பதாகத் தோன்றவில்லை.

வாக்காளரின் மனம் இரண்டாண்டில் மாறிவிட்டது என்று இதைப் படிப்பது சரியாகாது. 2021இல் ஏறக்குறைய 60 விழுக்காட்டினர் வாக்களித்தனர். பூச்சிக்கொல்லிக் கட்டுப்பாடு குறித்த முன்மொழிவுகளும் அதே நாளில் வந்ததால் ஊரகத்தார் பெருந்திரளாக வந்தனர். 2023இல் வந்தவர்கள் 42 விழுக்காட்டை ஒட்டியே. ஆகவே வந்து சேர்ந்த கூட்டமும் மாறியிருந்தது, சுமையின் வடிவமும் மாறியிருந்தது. எதன் பங்கு எவ்வளவு என்பதை வாக்கு எண்ணிக்கை மட்டும் பிரித்துக் காட்டாது.

பிரான்சில் நடந்தது இதே பாடத்தின் கடுமையான வடிவம். 2018 தொடக்கத்தில் அரசு செல்வ வரியை நீக்கி, அசையாச் சொத்துக்கு மட்டும் உரிய வரியாகச் சுருக்கியது. அதே ஆண்டில் டீசல் மீதான வரி ஏறியது. 2019 ஜனவரியில் மேலும் ஏறுவதாக இருந்தது. 2018 நவம்பர் 17 அன்று இதை எதிர்த்து மஞ்சள் அங்கி அணிந்தோர் சாலைகளை மறித்தனர். டிசம்பர் தொடக்கத்தில் அரசு வரி உயர்வைக் கைவிட்டது. மேலிருப்பவர்கள் உலகத்தின் முடிவைப் பற்றிப் பேசுகிறார்கள், நாங்கள் மாதத்தின் முடிவைப் பற்றிப் பேசுகிறோம் என்ற பொருளில் அன்று எழுந்த முழக்கம் பரவலாக அறியப்பட்டது. இதைக் காலநிலை மறுப்பு என்று எழுதியவர்கள் உண்டு. செல்வருக்குச் சலுகையும் டீசல் கார் ஓட்டிக்கு வரியும் ஒரே ஆண்டில் வந்ததை அவர்கள் ஒருங்கே வைத்துப் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்க முடியாது.

## மற்றவர் நினைப்பதைப் பற்றிய தப்புக்கணக்கு

மக்கள் எதை ஆதரிக்கிறார்கள் என்பது ஒருபுறம் இருக்க, மற்றவர்கள் எதை ஆதரிக்கிறார்கள் என்று அவர்கள் நினைப்பதும் பொதுக் கருத்தின் ஒரு பகுதியே. 125 நாடுகளில் ஏறக்குறைய 1,30,000 பேரிடம் எடுத்து 2024இல் வெளியான ஆய்வில், காலநிலைக்காகத் தம் வருமானத்தில் நூற்றில் ஒரு பங்கைத் தர விருப்பம் தெரிவித்தோர் 69 விழுக்காடு. தம் நாட்டில் எத்தனை பேர் அப்படித் தருவார்கள் என்று ஊகிக்கச் சொன்னபோது வந்த சராசரி 43 விழுக்காடுதான். அமெரிக்காவில் 2022இல் வெளியான மற்றோர் ஆய்விலும் இதே போக்கு: முக்கியக் காலநிலைக் கொள்கைகளுக்கு உண்மையான ஆதரவு 66 முதல் 80 விழுக்காடு, மக்கள் ஊகித்தது 37 முதல் 43 விழுக்காடு. விருப்பம் தெரிவிப்பதும் பணம் கட்டுவதும் வேறு என்ற எச்சரிக்கை இங்கும் பொருந்தும். ஆனால் ஊகத்துக்கும் விடைக்கும் இடையிலுள்ள பள்ளத்தை அது விளக்காது.

இப்பள்ளத்துக்குக் காரணங்கள் பல. உரத்துப் பேசுபவர் எண்ணிக்கையில் குறைவாயினும் செவியில் நிறைய விழுகிறார். மோதலே செய்தியாகிறது, உடன்பாடு செய்தியாவதில்லை. தான் சிறுபான்மை என்று எண்ணுபவர் வாய்மூடிக்கொள்கிறார், அந்த மௌனத்தைக் கண்டு இன்னொருவர் தாமும் சிறுபான்மை என்று எண்ணுகிறார். ஜெர்மானிய ஆய்வாளர் எலிசபெத் நோயல்-நாய்மன் 1970களில் இதை மௌனச் சுருள் என்று விவரித்தார். விளைவு அரசியலில் நேரடியாகத் தெரிகிறது: தம் தொகுதியின் விருப்பத்தைத் தவறாகக் கணக்கிடும் அரசியலாளர், உண்மையில் எதிர்ப்பில்லாத நடவடிக்கைக்கும் அஞ்சுகிறார்.

## கருத்திலிருந்து ஆட்சி வரை

இத்தனை வடிகட்டிகளுக்குப் பின் வாக்கு பதிவானாலும் அது அப்படியே அதிகாரமாக மாறுவதில்லை. இந்திய மக்களவைத் தேர்தலில் பாரதிய ஜனதா கட்சியின் வாக்கு விகிதம் 2019இல் 37.4, 2024இல் 36.6. ஒரு புள்ளிக்கும் குறைவான சரிவு. இடங்களோ 303இலிருந்து 240ஆகக் குறைந்தன. தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350க்கு மேல் கிடைக்கும் என்று பல வாக்குச்சாவடிக் கணிப்புகள் கூறின; கிடைத்தவை 293. பிரித்தானியாவில் அதே ஆண்டு தொழிற்கட்சி 33.7 விழுக்காட்டு வாக்குகளுடன் 650இல் 400க்கும் மேற்பட்ட இடங்களை வென்றது. தொகுதியில் முதலிடம் பெறுபவரே வெல்லும் முறையில், வாக்கு எங்கே குவிந்திருக்கிறது, எதிர்த்தரப்பு எப்படிப் பிரிந்திருக்கிறது என்பவை ஆதரவின் மொத்த அளவுக்கு நிகரான வலிமை பெறுகின்றன. இத்தகைய முடிவிலிருந்து, நாட்டு மக்கள் இன்ன கொள்கையை ஏற்றனர், இன்னதை ஒதுக்கினர் என்று மறுநாள் எழுதப்படும் தீர்ப்புகளுக்கு ஆதாரம் மெலிது.

## கூடிப் பேசும் குடிமக்கள்

கணிப்பு கேட்கும் கணநேரக் கேள்விக்கும் வாக்குச்சீட்டின் ஆம் அல்லது இல்லைக்கும் மாற்றாக, குலுக்கல் முறையில் தேர்ந்த குடிமக்களுக்கு நேரமும் தகவலும் கொடுத்துத் தீர்மானிக்கச் செய்யும் முறை பல நாடுகளில் முயலப்படுகிறது. அயர்லாந்தில் 99 குடிமக்களும் ஒரு தலைவரும் கொண்ட மன்றம் கருக்கலைப்புத் தடை குறித்து விவாதித்துத் தந்த பரிந்துரையைத் தொடர்ந்து 2018 மே மாதம் பொது வாக்கெடுப்பு நடந்தது, 66.4 விழுக்காட்டினர் தடையை நீக்க இசைந்தனர்.

மஞ்சள் அங்கிப் போராட்டத்துக்குப் பின் பிரான்சு 150 பேரைக் கொண்டு இதே முறையைக் காலநிலைக்குப் பயன்படுத்தியது. 2019 அக்டோபர் முதல் 2020 ஜூன் வரை வல்லுநர்களை வரவழைத்துக் கேட்டபின் அவர்கள் 149 முன்மொழிவுகளை அளித்தனர். அவற்றில் கார்பன் வரி இல்லை என்பது கவனத்துக்குரியது. கட்டடங்களின் ஆற்றல் சீரமைப்பைக் கட்டாயமாக்குவது போன்ற, அரசே முன்வைக்கத் தயங்கியிருக்கக்கூடிய கடுமையான கடமைகள் பல இருந்தன. ஆக, இந்த 150 பேர் தயங்கியது சுமைக்காக அன்று. அது விழும் விதத்துக்காகவே.

மன்றம் முடிவெடுத்தாலும் அதிகாரம் வேறிடத்தில் இருந்தது. நெடுஞ்சாலை வேகத்தை மணிக்கு 110 கிலோமீட்டராகக் குறைக்கும் யோசனை உட்பட மூன்றை அதிபர் மக்ரோன் உடனே ஒதுக்கினார். நான்கு மணி நேரத்துக்குள் ரயிலில் செல்லக்கூடிய ஊர்களுக்கிடையே உள்நாட்டு விமானங்களை நிறுத்த வேண்டும் என்று மன்றம் கேட்டது. 2021இல் நிறைவேறிய சட்டம் அதை இரண்டரை மணி நேரமாகச் சுருக்கியது.